சுவிசில் மருத்துவிச்சியை வீட்டுக்கு அழைப்பது எப்படி: ஆவணம், காசு, நாள்கணக்கு

இலங்கையில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவிச்சியே வீடு தேடி வருவார். பெயரைப் பதிவார், கிளினிக் திகதி சொல்வார், பிள்ளை பிறந்த பிறகும் வந்து எட்டிப் பார்ப்பார். அம்மாவும் அக்காவும் அப்படித்தான் பிள்ளை பெற்றார்கள். அதனால் சுவிசிலும் யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டுவார் என்று நான் இருந்துவிட்டேன். 34ஆம் கிழமையில் வைத்தியசாலைத் தாதி, "உங்கள் ஹெபாம்மே யார்?" என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. இங்கே அவர் உங்களைத் தேடி வரமாட்டார். நீங்கள்தான் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஜெர்மன் பேசும் பகுதியில் மருத்துவிச்சியை ஹெபாம்மே என்பார்கள், பிரெஞ்சுப் பகுதியில் சாஜ்-ஃபாம். வைத்தியசாலையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் ஒரு வகை. சொந்தப் பொறுப்பில், தனியாகவோ இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தோ தொழில் செய்பவர்கள் இன்னொரு வகை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருபவர்கள் இந்த இரண்டாவது வகையினர். அவர்களைப் பிடிப்பது எப்படி, என்ன கடதாசி வேண்டும், யார் காசு கட்டுவது, அவர்கள் கேட்டு எழுதும் கேள்விகள் எங்கே போகின்றன என்பதை நான் பட்ட பாட்டில் இருந்து எழுதுகிறேன். விதிகள் இடைக்கிடை மாறும். ஆகவே தொகை சம்பந்தப்பட்ட எதையும் உங்கள் மருத்துவக் காப்புறுதி நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. மூன்று மாதம் முடிந்ததும் தேடத் தொடங்குங்கள்

பன்னிரண்டாம் கிழமை ஸ்கான் முடிந்து மனம் கொஞ்சம் ஆறியதும் தேடலாம். இருபதாம் கிழமைக்குள் ஒருவரை உறுதி செய்துவிட்டால் நிம்மதி. ஊரில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: வயிறு தெரியும்வரை யாருக்கும் சொல்வதில்லை, கண் பட்டுவிடும் என்பார்கள். சொந்தக்காரருக்குச் சொல்லாமல் இருங்கள், பரவாயில்லை. மருத்துவிச்சிக்குச் சொல்லிவிடுங்கள்.

பிரசவத் திகதி ஜூலை, ஓகஸ்ட் அல்லது நத்தார்ப் பக்கம் விழுந்தால் இன்னும் முந்துங்கள். அந்த நாட்களில் அவர்களும் விடுமுறை போவார்கள். என் திகதி ஓகஸ்ட் நடுவில். 34ஆம் கிழமையில் தேடத் தொடங்கிப் பதினேழு பேரிடம் கேட்டேன். பதில் இல்லை, அல்லது "மன்னிக்கவும், நிரம்பிவிட்டது" என்று பதினாறு பேரிடம் சரிவராமல் போன பிறகு, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டார்.

2. எங்கே தேடுவது, என்ன எழுதுவது

சுவிஸ் மருத்துவிச்சிகள் சங்கம் இணையத்தில் ஒரு தேடல் பக்கம் வைத்திருக்கிறது. அஞ்சல் குறியீட்டையும் பிரசவத் திகதியையும் கொடுத்தால் உங்கள் பகுதிக்கு வருபவர்கள் தெரிவார்கள். பாசலிலும் சூரிச்சிலும் "ஃபமிலிஸ்டார்ட்" என்ற அமைப்புகள் இருக்கின்றன. தாங்களாகத் தேடி முடியாதவர்களுக்கு அவர்கள் ஒருவரைப் பிடித்துத் தருவார்கள். இரண்டும் சரிவராவிட்டால் பிரசவத்துக்குப் பதிவு செய்த வைத்தியசாலையில் கேளுங்கள். பல இடங்களில் தொடர்புப் பட்டியல் இருக்கும்.

போன் எடுத்தால் பெரும்பாலும் பதில் வராது. அந்த நேரம் அவர் எங்கேயாவது ஒரு குழந்தையை நிறுத்துக்கொண்டிருப்பார். குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோதான் நல்லது. நான் முதலில் அனுப்பியதெல்லாம் நீளமான கடிதங்கள்: வணக்கம், நான் இன்னார், இலங்கையில் இருந்து வந்தேன் என்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்புறம் ஐந்து விஷயங்களை மட்டும் எழுதினேன், அன்று மாலையே பதில் வந்தது:

பிரசவத் திகதி. வீட்டு முகவரி, அஞ்சல் குறியீட்டுடன். எத்தனையாவது பிள்ளை. எந்த வைத்தியசாலை. எந்த மொழியில் பேச முடியும்.

"வொக்கன்பெட்" என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய கிழமைகளுக்கு அதுதான் பெயர். அது இல்லாவிட்டால் வீட்டில் பிரசவம் பார்க்கக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்து, அந்த வேலை செய்யாதவர்கள் உடனே மறுத்துவிடுவார்கள். எனக்கு இரண்டு பேர் அப்படி மறுத்தார்கள்.

ஒருவர் ஒப்புக்கொண்டதும் ஒரு கேள்வி கேளுங்கள்: "காப்புறுதிக்கு நேரடியாகக் கணக்கு அனுப்பும் பதிவு இலக்கம் உங்களிடம் இருக்கிறதா?" பெரும்பாலும் ஆம் என்பார். பிரசவத் துணை, தாய்ப்பால் ஆலோசகர் என்று வேறு பெயர்களில் வருபவர்களும் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் என்றில்லை, ஆனால் மருத்துவிச்சி இல்லாதவரின் பில்லை, எல்லோருக்கும் கட்டாயமான அடிப்படைக் காப்புறுதி கட்டும் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

3. மொழி தெரியாவிட்டால்

கணவரை மொழிபெயர்க்க வைக்காமல் இருக்க முடிந்தால் வைக்காதீர்கள். தையல் எரிகிறது, முலைக்காம்பு வெடித்துவிட்டது, இரவில் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்பதையெல்லாம் அவர் வழியாகச் சொல்ல வரும்போது பாதி விழுங்கப்படும். பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு சொல்விப்பது அதைவிட மோசம்.

பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், போன் வழியாகவும் கிடைப்பார்கள். ஆனால் வீட்டுச் சந்திப்பில் அந்தச் செலவைக் காப்புறுதி பொதுவாகக் கட்டாது. கெமைண்டேயோ (உங்கள் ஊரின் உள்ளூராட்சி), சமூக உதவிப் பிரிவோ சில நேரம் கட்டும். கேட்பதானால் பிரசவத்துக்கு முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் முடிவு வருவதற்குள் குழந்தை தவழத் தொடங்கிவிடும். பேர்னில் "மாமாமுண்டோ" என்ற அமைப்பு புலம்பெயர்ந்த பெண்களுக்கான பிரசவ ஆயத்த வகுப்புகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் நடத்தி வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தால் விசாரியுங்கள்.

4. முதல் சந்திப்புக்கு எடுத்து வைக்க வேண்டியவை

முடிந்தால் பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை அவரை வரச் சொல்லுங்கள். அன்று மேசையில் இவை இருக்கட்டும்: காப்புறுதி அட்டை, வதிவிட அனுமதி அட்டை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கான் அறிக்கைகள், வைத்தியசாலைப் பதிவுக் கடிதம், நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பெட்டிகள். மருந்தின் பெயரைச் சொல்லிக் குழம்ப வேண்டாம், பெட்டியையே காட்டலாம். ஊரில் இருந்து வந்த ஆயுர்வேத மருந்து, லேகியம் எல்லாவற்றையும் காட்டுங்கள், ஒளிக்காதீர்கள்.

இரத்த வகை முடிவு முக்கியம். றீசஸ் நெகட்டிவ் என்றால் அதற்கென்று தனியான கவனிப்பு உண்டு.

5. காசு: எது இலவசம், எது இல்லை

பலருக்கும் குழப்பம் இங்கேதான். மெதுவாக வாசியுங்கள்.

மகப்பேறு சம்பந்தமான சாதாரணக் கவனிப்புக்கு நீங்கள் கைக்காசு கட்டத் தேவையில்லை. ஃபிரான்ஷீஸ் என்பது காப்புறுதி கட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு ஆண்டும் நீங்களே கட்டும் தொகை. அது 300 பிராங்க் என்று எடுத்திருந்தாலும் 2,500 எடுத்திருந்தாலும் இதற்குப் பொருந்தாது, அதற்கு மேலே நீங்கள் கட்டும் பத்து வீதப் பங்கும் இல்லை. கர்ப்பம் சிக்கல் இல்லாமல் போனால் ஏழு பரிசோதனைகள், இரண்டு ஸ்கான்கள். தாய்ப்பால் ஆலோசனை மூன்று தடவை. பிரசவ ஆயத்த வகுப்பை மருத்துவிச்சி நடத்தினால் 150 பிராங்க் வரை காப்புறுதி தரும், மிச்சம் உங்கள் கையில் இருந்து.

13ஆம் கிழமையில் இருந்து பிரசவம் முடிந்து எட்டுக் கிழமை வரை வேறு நோய் வந்து வைத்தியம் செய்தாலும் உங்கள் பங்கு இல்லை. 2014 மார்ச்சில் இருந்து இப்படி.

வீட்டு வருகைகளின் கணக்கு இது. பிரசவ நாளில் இருந்து 56 நாட்களுக்குள்:

முதல் பிள்ளை என்றால் 16 வருகைகள் வரை. சிசேரியன், இரட்டைப் பிள்ளைகள், குறைமாதம் என்றாலும், தாய்க்கு உடற்குறைபாடு இருந்தாலும் 16. மற்றவர்களுக்கு 10. இது தவிர, முதல் பத்து நாட்களுக்குள் தேவைப்பட்டால் ஒரே நாளில் இரண்டாவது தடவை வரலாம், அப்படி ஐந்து தடவை வரை. இதற்கு மேலே வேண்டுமானாலும் 56 நாள் தாண்டினாலும் டொக்டரின் எழுத்து வேண்டும். அதை மருத்துவிச்சியே பெரும்பாலும் கேட்டு வாங்கித் தருவார், ஆனால் ஞாபகப்படுத்துங்கள்.

கவனியுங்கள்: நாட்கள் எண்ணப்படுவது பிரசவ நாளில் இருந்து, வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அல்ல. குழந்தை இரண்டு கிழமை வைத்தியசாலையில் இருந்தால் அந்த இரண்டு கிழமையும் கழிந்துவிடும்.

இனி, இலவசம் இல்லாதது. உங்களுக்காகத் திகதியை ஒதுக்கி, இரவு பகல் போனைத் திறந்து வைத்திருப்பதற்கு மருத்துவிச்சி ஒரு தொகை கேட்கலாம். வார்ட்கெல்ட், பிக்கெட் என்று அதற்குப் பெயர்கள். இதை அடிப்படைக் காப்புறுதி கட்டாது. சில இடங்களில் மாநிலமோ கெமைண்டேயோ கட்டும், மற்ற இடங்களில் நீங்கள்தான். எனக்கு வந்த கடதாசியில் இது எழுதியிருந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு நூறு பிராங்கைத் தாண்டிய ஒரு பில் வந்தபோது பிழை என்று நினைத்து ஒதுக்கி வைத்து, நினைவூட்டல் கடிதம் வந்த பிறகுதான் கட்டினேன். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: எவ்வளவு, எப்போது, யார் கட்டுவது, எங்கள் கெமைண்டே திருப்பித் தருமா.

இன்னொரு பொறி. காப்புறுதியில் இருந்து வரும் கணக்கில் உங்கள் பங்கு என்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். மூல பில்லில் சிகிச்சைக் காரணம் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே "முட்டர்ஷாஃப்ட்", அதாவது மகப்பேறு, என்று இருக்க வேண்டும். "கிராங்க்ஹைட்", நோய், என்று இருந்தால் டொக்டரின் அலுவலகத்தில் யாரோ பிழையான கட்டத்தைத் தெரிவு செய்திருக்கிறார்கள். போன் பண்ணித் திருத்தச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு பில்கள் இப்படி வந்தன. ஒன்றைத் திருத்தினார்கள். மற்றதை நான் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தேன், காசு திரும்பி வர மூன்று மாதம்.

மருத்துவிச்சி காப்புறுதிக்கு நேரே கணக்கு அனுப்பினாலும் அதன் பிரதி ஒன்று உங்களுக்கு வர வேண்டும். குளிர்சாதனப்பெட்டியில் ஒரு தாள் ஒட்டி, அவர் வரும் திகதியையும் நேரத்தையும் எழுதி வாருங்கள். பிரதி வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

6. வைத்தியசாலையை விட்டுக் கிளம்பும் நாள்

கிளம்பும் திகதி தெரிந்த உடனே மருத்துவிச்சிக்குச் செய்தி அனுப்புங்கள். குழந்தை பிறந்த அன்றே ஒரு செய்தி, கிளம்பும் நாள் ஒரு செய்தி. வைத்தியசாலை அவருக்கு அறிவித்திருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

கையோடு வாங்க வேண்டியவை: தாயினதும் குழந்தையினதும் வெளியேற்ற அறிக்கை, குழந்தையின் சுகாதாரக் கையேடு, கொடுத்த மருந்துகளின் விபரம். விற்றமின் கே சொட்டு எப்போது கொடுத்தார்கள், அடுத்தது எப்போது என்பதை எழுதி வாங்குங்கள். நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டால், குதிக்காலில் குத்தி இரத்தம் எடுக்கும் பரிசோதனையை மருத்துவிச்சி வீட்டிலேயே செய்வார். அது செய்து முடிந்ததா இல்லையா என்று கிளம்பும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

7. அவர் வீட்டில் என்ன செய்வார்

எங்கள் வீட்டுக்கு முதல் நாள் வந்தவர் சப்பாத்தைக் கழற்றி, கையைக் கழுவி, பையில் இருந்து ஒரு துணியையும் கொக்கித் தராசையும் எடுத்தார். மகளைத் துணியில் கிடத்தி, நாலு மூலையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். சந்தையில் மீன் நிறுக்கிற மாதிரி. அம்மாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. மகள் கொட்டாவி விட்டாள்.

முதல் சில நாட்களில் குழந்தையின் நிறை குறையும், பயப்படாதீர்கள். பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் மருத்துவிச்சி கூடுதலாகக் கவனிப்பார். இரண்டு கிழமைக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிறந்த நிறைக்குத் திரும்பிவிடும். அவர் தொப்புளைப் பார்ப்பார், தோல் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்ப்பார். உங்கள் வயிற்றைத் தொட்டுக் கருப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். தையல், இரத்தப்போக்கு, மார்பு, நித்திரை, மனம் எல்லாம் கேட்பார்.

எங்கள் பழக்கங்களை மறைக்க வேண்டியதில்லை. சரக்குத்தூள் போட்டுக் காய்ச்சிய கறியின் வாசம் வந்ததும் எங்கள் மருத்துவிச்சி சட்டியைத் திறந்து பார்த்து, என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பத்தியச் சாப்பாட்டில் அவர் குறை சொன்னது ஒன்றே ஒன்று: தண்ணீர். பிள்ளை பெற்றவள் அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அம்மா ஒரு டம்ளரோடு நிறுத்தியிருந்தா. தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும் என்று மருத்துவிச்சி அம்மாவிடமே சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். தொப்புளில் எதையும் பூசாமல் காய்ந்தபடி விடச் சொன்னார். அதில் அம்மாவுக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை.

8. கேள்விகள் எங்கே போகின்றன

முதல் சந்திப்பிலும் கடைசிச் சந்திப்பிலும் என்னிடம் நிறையக் கேள்வி கேட்டு மடிக்கணினியில் பதிந்தார். வயது, எந்த நாடு, எத்தனையாவது பிள்ளை, பிரசவம் எப்படி நடந்தது, எத்தனையாம் நாள் வீட்டுக்கு வந்தீர்கள், தாய்ப்பாலா புட்டிப்பாலா, என்ன சிக்கல்கள். என் கணவர் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் ஏன் எழுதுகிறா? வீசாக்காரருக்கா?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அகதி விண்ணப்பம் போட்டுப் பல வருடம் காத்திருந்தவர்களுக்கு, படிவம் என்றாலே வயிற்றைக் கலக்கும். அதனால் நேராகவே கேட்டேன். பதில் இதுதான். பதிவில் ஒரு பகுதி உங்கள் மருத்துவக் குறிப்பு, அது அவரிடம் இருக்கும். இன்னொரு பகுதி பெயர் நீக்கப்பட்டு நாடளாவிய புள்ளிவிபரத்துக்குப் போகிறது. தனியாகத் தொழில் செய்யும் மருத்துவிச்சிகள் ஒவ்வொருவரும் தாங்கள் கவனித்த தாய்மாரின் விபரத்தை இப்படிக் கொடுக்க, மருத்துவிச்சிகள் சங்கம் அதைத் திரட்டுகிறது. அதைப் பகுத்து அறிக்கை ஆக்கும் வேலையை வின்ரத்தூரில் மருத்துவிச்சிப் படிப்பு நடத்தும் உயர்கல்லூரி செய்து வந்திருக்கிறது.

வைத்தியசாலையின் கணக்கு நீங்கள் வாசலைத் தாண்டியதும் முடிந்துவிடும். சுவிசில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 குழந்தைகள் பிறக்கின்றன. அந்தத் தாய்மாருக்கு மூன்றாம் நாள் இரவு வீட்டில் என்ன நடந்தது, பால் கட்டியதா, தையல் சீழ் பிடித்ததா, அழுகை நிற்காமல் வந்ததா என்பதை வைத்தியசாலை அறியாது. அதைப் பார்ப்பவர் வீட்டுக்கு வருபவர்தான். அவர் எழுதாவிட்டால் அது எங்கேயும் எழுதப்படாது.

எங்களுடைய ஆட்களிடம் உள்ள ஒரு குணம் இங்கே இடிக்கும். யார் சுகம் கேட்டாலும் "எல்லாம் நல்லம்" என்போம். நானும் முதல் நான்கு வருகைகளில் அதையேதான் சொன்னேன், முலைக்காம்பில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தபோதும். ஐந்தாம் தடவை அவர் என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தார், குழந்தை வாய் வைக்கும் விதத்தை மாற்றினார். இரண்டு நாளில் சுகம். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஒன்பது நாள் நோவும் இருந்திராது, அவருடைய கணக்கிலும் உண்மை இருந்திருக்கும்.

ஆகவே மூன்று விஷயம். ஒன்று, எந்தப் பதில் எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். இரண்டு, மருத்துவிச்சிக்குத் தொழில் இரகசியம் சட்டப்படி கட்டாயம். குற்றவியல் சட்டத்தின் 321ஆம் பிரிவு டொக்டரோடு மருத்துவிச்சியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குழந்தைக்கு ஆபத்து என்பது போன்ற நிலைகளில் வேறு விதிகள் உண்டு. மூன்று, சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு "சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லுங்கள். பொய்யான பதிலைவிட அது மேல்.

9. 56 நாள் முடிவதற்குள்

குழந்தையின் காப்புறுதியைப் பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் பிறந்த நாளில் இருந்தே செல்லும். குழந்தைக்குச் சுகமில்லாமல் போனால் அந்தச் செலவு குழந்தையின் காப்புறுதியில்தான் விழும், ஆகவே இழுத்தடிக்காதீர்கள். மேலதிகக் காப்புறுதி எடுக்கும் எண்ணம் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். பிறந்த பிறகு போனால் உடல்நலக் கேள்விகள் கேட்பார்கள்.

பிறப்புப் பதிவுக்கு வைத்தியசாலையே அறிவிக்கும். ஆனால் பெற்றோரின் கடவுச்சீட்டு, விவாகப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அலுவலகம் கேட்கும். ஊர்ப் பத்திரங்களை மொழிபெயர்த்து எடுக்க நாள் செல்லும், ஆறாம் மாதத்திலேயே தொடங்குங்கள்.

மருத்துவிச்சி விடைபெறும் காலத்தில் உங்கள் கெமைண்டேயின் தாய்–தந்தை ஆலோசனை நிலையத்துக்கு உங்களை அறிமுகப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். அது இலவசம். அங்கேயும் நிறுப்பார்கள், ஆனால் கொக்கித் தராசு இல்லை, மேசைத் தராசு. போகும்போது சுகாதாரக் கையேட்டையும் ஒரு மேலதிக நப்பியையும் எடுத்துப் போங்கள்.